கரை போடாத வேட்டிக்காரர்களுக்கு

தேர்தல் நெருங்கினால் பூத் கமிட்டிக்காரர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். கடலூர் மஞ்சக்குப்பமானாலும் சரி, ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரியின் பாகூரானாலும் சரி, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் பேனாவால் ஒரு குறி விழும். நம்ம ஓட்டு, அவங்க ஓட்டு, பொது ஓட்டு. அந்த மூன்றாவது குறி யார் பெயருக்கு நேராக விழுகிறதோ அவர்களுக்கான பதிவு இது. அப்பா ஒரு கரை வேட்டி, மாமா இன்னொரு கரை வேட்டி, தனக்கு மட்டும் இரண்டும் பொருந்தவில்லை என்று இருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். "யார் வந்தா என்ன" என்று சொல்லி அவர்களில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை. கட்சி இல்லாதவருக்குச் சட்டத்தில் எங்கே இடம் இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில், ஏன் இரண்டே பக்கம்? அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்பதுதான் நம் முறை. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாவதாக வருபவருக்குப் போட்டது வீண் என்ற பயம் வாக்காளருக்கும், தனியாக நின்றால் அழிந்துபோவோம் என்ற பயம் சிறிய கட்சிக்கும் இதிலிருந்துதான் வருகிறது. பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரிஸ் துவெர்ழே 1950-களிலேயே இதை விளக்கிவிட்டார். தமிழ்நாட்டில் 1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் தி.மு.க. அல்லது அ.தி.மு.க.தான் ஆட்சிக்கு வந்தது.

கடலூர் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2006-ல் தே.மு.தி.க. யாரோடும் சேராமல் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியிலும் நின்றது. 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, கிடைத்த இடம் ஒன்றே ஒன்று: விருத்தாசலம், விஜயகாந்த். 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் சேர்ந்து 29 இடம், எதிர்க்கட்சி அந்தஸ்து. 2016-ல் மூன்றாவது அணியான மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து நின்றபோது ஒரு இடமும் இல்லை, ஓட்டும் இரண்டரை சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. தனியாக நின்றால் ஓட்டு இருக்கும், இடம் இருக்காது. பெரிய கட்சியின் கூட்டணியில் சேர்ந்தால் இடம் இருக்கும், தனியாள் என்று நம்பி ஓட்டுப் போட்டவர்கள் கலைந்துபோவார்கள். இதைத் தலைவர்களின் குணக்கேடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எண்ணும் முறையே அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது.

கூட்டணியில் இருக்கும் சிறிய கட்சிக்கு ஓட்டுப் போடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தை அவசியம் பார்க்க வேண்டும். அந்த வேட்பாளர் எந்தச் சின்னத்தில் நிற்கிறார்? 2021-ல் பண்ருட்டியில் தமிழக வாழ்வுரிமைக் கட்சியின் வேல்முருகன் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்தார். அதே தேர்தலில், அதே மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயிலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் சிந்தனைச் செல்வன் பானைச் சின்னத்தில் ஜெயித்தார். இருவரும் ஒரே கூட்டணி. ஆனால் பெரிய கட்சியின் சின்னத்தில் ஜெயிப்பவர் சட்டமன்றக் கணக்கில் அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினர். சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று அந்தக் கட்சி போடும் கொறடா உத்தரவு அவரையும் கட்டும். அந்த ஓட்டுகளும் பெரிய கட்சியின் கணக்கில்தான் ஏறும். தனிச் சின்னத்தில் வாங்கும் ஓட்டு சிறிய கட்சியின் கணக்கில் சேரும். ஒரு மாநிலத்தில் பதிவான செல்லுபடியான ஓட்டில் 6 சதவீதமும் 2 சட்டமன்ற இடமும் இருந்தால், அல்லது இடமே இல்லாவிட்டாலும் 8 சதவீதம் ஓட்டு இருந்தால், மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் கிடைக்கும். அந்த அங்கீகாரம் இருக்கும்வரை சின்னம் அந்தக் கட்சிக்கே. ஆகவே தோற்கும் வேட்பாளருக்குப் போட்ட ஓட்டும் வீணில்லை, எங்கோ ஒரு கணக்கில் சேர்கிறது.

நோட்டா அப்படி எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கட்சி இல்லாதவர்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

27 செப்டம்பர் 2013 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் வந்தது நோட்டா. அதற்கு முன் 49-ஓ என்ற விதி இருந்தது. வாக்குச்சாவடியில் 17-ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, ஓட்டுப் போட விருப்பமில்லை என்று அதிகாரியிடம் சொல்லி, அதை அவர் எழுத, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பூத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லா ஏஜென்டுகளுக்கும் நீங்கள் யாருக்கும் போடவில்லை என்பது தெரிந்துவிடும். நோட்டா அந்த ரகசியத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. அது பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலின் முடிவு மாறாது. ஒரு தொகுதியில் நோட்டாவே முதலிடம் வந்தாலும், அதற்கு அடுத்தபடியாக இருக்கும் வேட்பாளர்தான் ஜெயித்தவர். வேட்புமனுவோடு கட்டும் டெபாசிட்டின் கணக்கில் நடப்பது இன்னும் விசித்திரம். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்கு டெபாசிட் போய்விடும். நோட்டா ஓட்டுகளைச் செல்லுபடியான ஓட்டுகளில் சேர்ப்பதில்லை. எல்லோரையும் மறுத்து நீங்கள் பட்டனை அமுக்கினால் மொத்தக் கணக்கு கொஞ்சம் சுருங்கி, நீங்கள் மறுத்தவர்களுக்கே டெபாசிட் காப்பது ஒரு நூல் எளிதாகிறது. கோபத்தைப் பதிவு செய்ய நோட்டா போதும். ஒன்றை வளர்க்க வேண்டுமானால், பட்டியலின் கீழே இருக்கும் பெயர்களைப் படித்துப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்பது என் கருத்து. காட்டுமன்னார்கோயிலில் 2016-ல் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்தது 87 ஓட்டு.

அந்தக் கீழ்ப் பெயர்களைப் படிக்கும் வழி: வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அது எல்லோருக்கும் திறந்திருக்கும். சொத்துப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கடன் பக்கத்தையும், அரசுக்குக் கட்ட வேண்டிய வாடகை, மின்சாரம், தண்ணீர் பாக்கியையும், கணவர் அல்லது மனைவி, சார்ந்திருப்பவர்கள் பெயரில் உள்ளதையும் சேர்த்துப் பாருங்கள். நிலுவை வழக்கு இருந்தால் எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம் என்று எழுதியிருக்க வேண்டும். வழக்கு உள்ள வேட்பாளர் அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் 3 முறை விளம்பரம் செய்ய வேண்டும். அவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும். "ஜெயிக்கக்கூடியவர்" என்பது மட்டும் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது.

அடுத்து சுயேச்சை. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கிவிடும். ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள். ஆனால் கட்சி இல்லாதவரின் நிலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு, இந்தப் பக்கம் வேறு.

2021-ல் தமிழ்நாட்டு வாக்காளர்கள் சுமார் 6.28 கோடி, தொகுதி 234. தொகுதிக்குச் சராசரி 2.68 லட்சம் பேர். புதுச்சேரியில் பத்து லட்சத்தைச் சற்றே தாண்டிய வாக்காளர்கள், தொகுதி 30. சராசரி சுமார் 33,000. தமிழ்நாட்டில் சராசரித் தொகுதியில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக ஓட்டு விழுந்தால், டெபாசிட்டைக் காப்பாற்ற மட்டும் 32,000-க்கு மேல் வாங்க வேண்டும். புதுச்சேரியின் ஒரு முழுத் தொகுதியே அவ்வளவுதான். அங்கே ஐந்தில் நான்கு பங்கு ஓட்டு விழுந்தாலும் டெபாசிட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு போதும்.

விளைவும் அப்படியே இருந்தது. 2016-லும் 2021-லும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. 2021-ல் புதுச்சேரியில் 6 சுயேச்சைகள் ஜெயித்தார்கள். அது தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தனித்தனியே வாங்கிய அதே எண்ணிக்கை. காங்கிரஸுக்கு 2. ஏனாமில் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமியே ஒரு சுயேச்சையிடம் தோற்றார். தட்டாஞ்சாவடியிலும் நின்று ஜெயித்திருந்ததால் முதல்வரானார்.

இதைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரி கட்சி இல்லாதவர்களின் ஊர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறிய தொகுதியில் சுயேச்சை என்றால் பல சமயம் சீட்டுக் கிடைக்காத கட்சிக்காரர், அல்லது சொந்தச் செல்வாக்கும் சொந்தப் பணமும் உள்ளவர். ஜெயித்த பிறகு அவர் எந்தக் கட்சியிலும் சேரக் கூடாது. அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி சுயேச்சையாக ஜெயித்தவர் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். ஆனால் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு தர எந்தத் தடையும் இல்லை, அதுதான் நடக்கவும் செய்கிறது. எனவே ஒரு சுயேச்சை வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணே, யாருக்கும் மெஜாரிட்டி இல்லாம போனா நீங்க யாருக்குக் கை தூக்குவீங்க?" அதற்கு நேரான பதில் சொல்லாதவரை நீங்கள் கட்சி இல்லாதவர் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்கும் அந்தச் சபைக்கு மத்திய அரசு 3 பேரை நியமிக்கலாம். அவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 33-ல் 3. யாரிடமும் ஓட்டுக் கேட்காமல் வந்த 3 கைகள், ஆட்சி இழுபறியில் இருக்கும்போது பெரிய எடை.

தானே நின்று பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு அதே தொகுதியின் வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். பத்துப் பேர்தானே என்று நினைப்பார்கள், அங்கேதான் பல மனுக்கள் விழுகின்றன. பாக எண், வரிசை எண்ணில் வரும் சின்னப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் முன்மொழிபவர் பக்கத்துத் தொகுதிக்காரர் என்று தெரிந்தால் அவர் கணக்கில் வரமாட்டார், ஒன்பதாகிவிடும். கடலூர், குறிஞ்சிப்பாடி எல்லையில் இருக்கும் தெருக்களில் இது எளிதாக நடக்கும். 12 பேரிடம் கையெழுத்து வாங்கி, கூடுதலாக இன்னொரு மனுவும் தாக்கல் செய்வது நல்லது. ஒருவர் 4 மனு வரை தரலாம், டெபாசிட் ஒரு முறை கட்டினால் போதும். கைநாட்டு வைப்பவரைத் தேர்தல் அதிகாரி முன்னாலேயே வைக்கச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே வைத்து வாங்கிக்கொண்டு போனால் செல்லாது.

படிவம் 26-ல் ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. இல்லையென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். காலியாக விட்டதை அதிகாரி சுட்டிக்காட்டியும் நிரப்பவில்லை என்றால் மனு தள்ளுபடி. வேட்பாளர் எடுக்க வேண்டிய உறுதிமொழியை மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பரிசீலனை அன்று காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்து கோட்டை விட்டவர்கள் உண்டு. தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தொடங்கியிருக்க வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவரும்தான். 200 ஓட்டு வாங்கிவிட்டுக் கணக்குக் கொடுக்காமல் இருந்தால் 3 ஆண்டு தகுதி நீக்கம் வரலாம். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைத்திருந்தவருக்கு அது பெரிய அடி.

சின்னம்தான் கடைசி இடைஞ்சல். மனு வாபஸ் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்குவார்கள். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டப்படி குறைந்தது 14 நாள். எதிரில் நிற்பது அரை நூற்றாண்டாகச் சுவரில் எழுதிய சின்னம். இயந்திரத்திலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசி. அதனால் பெயரைவிடப் பொத்தானின் வரிசை எண்ணைச் சொல்லிப் பிரசாரம் செய்வதே பலன் தரும்.

2.68 லட்சம் பேர் உள்ள இடத்தில் இவ்வளவு பாடுபட்டும் எடுபடாமல் போகலாம். ஆனால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கடலூர் மாவட்டத்தில் இன்னொரு வாசல் இருக்கிறது. 683 கிராம ஊராட்சிகள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் சட்டப்படியே கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் நிலையில்தான் கட்சிச் சின்னம் வருகிறது. கட்சிக்காரர்கள் பின்னால் நின்று ஆட்டுவிப்பார்கள்தான், இருந்தாலும் சில நூறு ஓட்டில் முடிவாகும் இடத்தில் நேரில் பேசியே ஜெயிக்க முடியும். கடலூர் மாநகராட்சியில் கட்சிச் சின்னம் உண்டு, ஆனால் 45 வார்டு. 2011 கணக்கெடுப்பின் மக்கள் தொகையை வகுத்தால் வார்டுக்கு நாலாயிரம் பேர்கூட வராது. அது வீடு வீடாக நடந்து முடிக்கக்கூடிய அளவு.

புதுச்சேரியில் அந்த வாசல்தான் பூட்டிக் கிடந்தது. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து எல்லாம் பெயருக்கு உண்டு. 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தக் காலமும் முடிந்த பிறகு பத்தாண்டுக்கும் மேல் தேர்தலே இல்லை. 2021-ல் அறிவிப்பு வந்தும் இட ஒதுக்கீட்டுப் பிரச்சினையில் நின்றுபோனது. கவுன்சிலர் இல்லாத ஊரில் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். அப்படி நிற்பவர் எந்தப் பக்கமும் சேராமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். புதுச்சேரியில் கட்சி பிடிக்காதவர்கள் கட்சிகளிடம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை உள்ளாட்சித் தேர்தல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

கட்சி இல்லாதவருக்கு இருக்கும் ஒரு ஆபத்து வாக்காளர் பட்டியல். வாக்குச்சாவடிவாரியாகப் பிரித்த பட்டியலின் ஒவ்வொரு பாகத்திலும் கட்சிகளுக்கு முகவர் உண்டு. தங்கள் ஆட்களின் பெயர் விட்டுப்போனால் அவர்கள் ஓடி வந்து சேர்ப்பார்கள். பொது ஓட்டுக்காரரின் பெயர் விடுபட்டால் கேட்க யாருமில்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இது நன்றாகவே தெரிந்தது. வரைவுப் பட்டியல் வரும்போது தன் பெயரை மட்டும் தேடாமல், தன் பாகத்தை முழுதாக எடுத்துத் தெருவையே சரிபாருங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறினாலோ திருத்தம் என்றாலோ படிவம் 8, பெயர் சேர்ப்பை ஆட்சேபிக்கவோ நீக்கவோ படிவம் 7.

தேர்தல் இல்லாத நாட்களுக்கு கிராம சபை. கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சி நிர்வாகிகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் வந்த பிறகும் கிராம சபை நிற்கவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. அந்த ஊராட்சியின் வாக்காளர் எவரும் உறுப்பினர்தான், கட்சி அட்டை யாரும் கேட்க முடியாது. 501 முதல் 3,000 வரை மக்கள் தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை, 10,000 வரை 200 பேர். கோரத்துக்காக நூறு நாள் வேலைக்காரர்களை உட்காரவைத்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு சாவகாசமாக எழுதும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அங்கேதான் விழிப்பாக இருக்க வேண்டும். உங்கள் கோரிக்கையை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள், ஒன்றில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். "தண்ணீர்ப் பிரச்சினை" என்று எழுதாமல், எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். தீர்மானத்தை எழுதிச் சபையிலேயே வாசிக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுத்து முடியும் இடத்துக்கும் கையெழுத்துத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால், குறுக்கே கோடு போட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள், 30 நாளில் தர வேண்டும்.